முதல் பக்கம் வரவில்லை

கிள்ளானில் பிளாஸ்டிக் வாளியும் பேசினும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தேன். மலேசிய ரிங்கிட் விழுந்து எல்லா இடத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் இடத்தில், ஆண்டவன் புண்ணியத்தில், யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் காப்பாரிலிருந்து பெண்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று ஹெட் ஆபீஸில் யோசிப்பதாகப் பேச்சு வந்தது.

அந்த பஸ்ஸில் பதினோரு பேர் வருவார்கள். எல்லாரும் பேக்கிங் வேலை. பேக்கிங் என் பொறுப்பில் இருந்தது. காப்பார் டவுனில் இருப்பவர்கள் என்றால் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். இவர்கள் அதற்கும் உள்ளே, செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் இருப்பவர்கள். காலை ஏழு மணிக்கு ஷிப்ட். கம்பெனி பஸ் நின்றுபோனால் இருட்டில் மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து, பொது பஸ் பிடித்து, கிள்ளானில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். வீட்டில் கொண்டுவந்து விட ஆள் இருந்தது இரண்டு பேருக்குத்தான். மற்றவர்கள் வேலையை விட்டுவிடுவார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். ஒரு நாள் வராமல் இருப்பார்கள், அப்புறம் வரவே மாட்டார்கள். அதை ஆள் குறைப்பு என்று யாரும் சொல்லப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஹெட் ஆபீஸில் மீட்டிங் என்று ஆங்கிலத்தில் மெமோ வந்தது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் வந்து பஸ் விஷயமாகப் பேசலாம் என்று போட்டிருந்தது. பேக்கிங்குக்கு என் பெயர். பெண்களில் மூத்தவரான அக்கா ஒருவர் உண்டு. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணன். யாருக்கு வயது கூடுதல் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்போது அவர் என்னிடம், "அண்ணே, கெஞ்சாதீங்க. நேரம் மட்டும் சொல்லுங்க. நாங்க எத்தனை மணிக்கு எந்திரிக்கிறோம்னு சொன்னாலே போதும்," என்றார்.

நான் ஃபாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். ஆங்கிலம் படிப்பேன், டெலிவரி ஆர்டர் எழுதுவேன், ஒருவர் கேட்டால் எஸ், நோ சொல்லுவேன். ஒரு அறையில் எட்டுப் பேர் டை கட்டி உட்கார்ந்திருக்க, எழுந்து பேசியதில்லை. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வரும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வாக்கியத்தில் பஸ் என்பதற்கு முன்னால் என்ன போடுவது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாற்றிக்கொண்டே வந்தேன்.

ஹெட் ஆபீஸ் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்தில். ஒன்பதே காலுக்கே வந்துவிட்டேன். நேரம் இருக்கிறதே, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அங்கே இருந்த சின்னக் கோயிலுக்குள் நுழைந்தேன். யாரோ ஒரு குடும்பத்தின் உபயம், அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். தீபாராதனை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நின்றேன்.

திரை போட்டிருக்கும்போது எழுந்து போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கால் வராது. உள்ளே அவர் உடுத்திக்கொண்டிருக்கிறார், நாம் முதுகைக் காட்டிப் போவதா என்று இருக்கும். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது. ஒன்பதே முக்கால். ஒன்பது ஐம்பது. குருக்கள் கையை மட்டும் திரைக்கு வெளியே நீட்டிப் பூச்சரம் வாங்கினார். பத்து மணி அடித்தபோதும் நான் நகரவில்லை. பத்து இருபதுக்குத் திரை விலகியது. வெள்ளிக் கவசத்தில் அவ்வளவு அழகாக இருந்தார். நான் சரியாகப் பார்க்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, குருக்கள் கொடுத்த விபூதியையும் பழத்தையும் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பத்து நாற்பதுக்கு ஹெட் ஆபீஸ் மாடியில் நின்றேன். முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண் என் நெற்றியில் ஈரம் காயாத விபூதியையும் என் கையில் இருந்த வாழைப்பழத்தையும் பார்த்தாள். மீட்டிங் முடிந்துவிட்டது, மேடம் வெளியே போய்விட்டார் என்றாள். மேடம் என்றால் வேலையாட்கள் விஷயத்தைக் கவனிக்கும் பர்சனல் மேனேஜர், சீனப் பெண்மணி, அதுவரைக்கும் நான் நேரில் பார்த்ததில்லை. நான் திரும்பி ரயில் ஏறினேன். பழத்தை என்ன செய்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

சாயங்காலம் பஸ் படியில் நின்று அக்கா கேட்டார், என்னண்ணே ஆச்சு என்று. இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மறுநாள் காலை மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் கம்பெனிக்கு ஈமெயில் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் ஃபேக்ஸ் போகிற டெலிபோன் லைனில்தான் வேலை செய்யும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் தலைமைக் கிளார்க். சிலோன்காரக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், ஆங்கிலம் தண்ணீர் மாதிரி வரும். நாங்கள் எல்லாரும் அவரை மிஸ்ஸி என்போம். வருகிற ஈமெயில், போகிற ஈமெயில் எல்லாவற்றையும் பேப்பரில் எடுத்து ஃபைலில் போட்டுவிடுவார். மெஷினுக்குள் இருப்பதை அவர் நம்புவதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கோயிலையும் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினார். தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலவில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று அர்த்தம்.

தவிர்க்க முடியாத காரணம் என்பது எனக்கு இடறியது. தவிர்த்திருக்கலாமே, எழுந்து வந்திருக்கலாமே என்றேன்.

"அப்ப என்ன எழுதப் போறீங்கள்? பிள்ளையார் உடுப்பு மாத்தினவர், அதால பிந்திப் போச்சுது எண்டோ?"

"அப்படி எழுத முடியுமா மிஸ்ஸி."

"அப்ப காரணத்தை விடுங்கோ. வரேல்ல, மன்னியுங்கோ. முடிஞ்சுது."

காரணத்தை வெட்டிவிட்டு மூன்று வரி ஆக்கிக் கொடுத்தார். தட்டச்சு அடிப்பதை நீங்களே பழகுங்கள் என்று நாற்காலியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு விரலால் தேடித் தேடி அடிக்க உட்கார்ந்தேன். அந்த மூன்று வரியைப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நாம் யார் மேலாவது தெரியாமல் கால் பட்டுவிட்டால் ஒன்றும் பேசமாட்டோம். கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அவ்வளவுதான். அதற்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தானை அழுத்துவது? அச்சடித்த அந்த வார்த்தைகளில் குனிந்த முதுகே இல்லை.

சரி, ஆரம்பத்தையாவது ஒழுங்காக ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். எனக்கு எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட வேண்டும். ஸ்டாக் கார்டானாலும் சரி, கடைக்குப் போகிற சாமான் சீட்டானாலும் சரி. மேலே நடுவில் ஒரு உ, கீழே இரண்டு கோடு. போடாவிட்டால் செருப்பு மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். அந்த மெஷினில் தமிழ் கிடையாது. பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு என்ற எண் அப்படியே உகரம் மாதிரி வாலை நீட்டிக்கொண்டு இருந்தது. வெள்ளைக்காரன் எண்ணிலும் நீதான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, இடம் விட்டு இடம் விட்டு நடுவுக்கு வந்து ஒரு 2 போட்டேன். கீழே இரண்டு கோடு. அதற்குக் கீழே மிஸ்ஸியின் மூன்று வரி. கடைசியில் என் பெயர். மிஸ்ஸி வந்து திரையைக்கூடப் பார்க்காமல், லைன் சும்மா இருக்கிறது, அனுப்புங்கள் என்றார். மெஷின் கீச்சென்று கத்தி, ஒரு மாதிரி அடங்கி, கடிதம் போனது. போனதும் வழக்கம்போலப் பேப்பரில் எடுத்தார். அதற்குள் லோரிக்காரன் கூப்பிட்டதால் நான் கீழே போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை மிஸ்ஸி என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். மேடத்திடமிருந்து பதில். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

'உங்கள் கடிதத்தில் இரண்டாம் பக்கம் மட்டும் எனக்கு வந்திருக்கிறது. முதல் பக்கம் வரவில்லை. நீங்கள் வராத காரணமும் பஸ் பற்றி நீங்கள் சொல்ல நினைத்ததும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து முதல் பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் அனுப்பவும். அதைப் படிக்கும் வரை காப்பார் பஸ் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.'

மிஸ்ஸி ஃபைலைப் பிரித்து என் கடிதத்தை எடுத்தார். உச்சியில் நடுவில் 2. அதன் கீழே கோடு. நல்ல பெரிய ஆபீஸ் கடிதத்தில் பக்க எண் போடுகிற மாதிரியே இருந்தது. அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கட பிள்ளையார் உங்களுக்கு ஒரு நாள் வாங்கித் தந்திருக்கிறார். இப்ப முதல் பக்கத்துக்கு எங்க போறீங்கள்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடம் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நான் பேசாததால் கைவிட்டுப் போயிருக்க வேண்டிய பஸ், ஒரு எண்ணால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் என் மனைவியிடம் அன்றைக்குத்தான் முழுக்கச் சொன்னேன். அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயிலில் மாட்டிக்கொண்டேன், எப்படி எழுதுவது, பிள்ளையாரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா என்றேன். எழுதினாலும் வேற்று மதத்தவர்களுக்கு இது எப்படிப் புரியும் என்றும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

"அவரு உங்க கையைப் பிடிச்சா வச்சாரு?"

திரை போட்டிருந்ததே என்றேன்.

"போன மாசம் நம்ம கோயில்ல திரை போட்டிருக்கும்போதுதானே மோட்டார் சைக்கிள யாரோ நகத்துறாங்கன்னு எந்திரிச்சு ஓடுனீங்க. பின்னாலயே நான் அர்ச்சனைத் தட்டோட நின்னேன்லா. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன். அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னாள்: "பேசப் பயமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதுல என்ன இருக்கு. சாமி பேரைச் சொன்னாத்தான் தப்பு."

நான் எழுந்து சாமி அறைக்குப் போனேன். விளக்கு ஏற்றியிருந்தது. அங்கே நின்று கும்பிட எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நான் அவரைக் கும்பிடவில்லை. அவர் திரைக்குப் பின்னால் போய் நானும் ஒளிந்துகொண்டேன். மன்னித்துக்கொள் என்று வாய் விட்டுச் சொன்னேன். ஆங்கிலத்தில் வராத முதுகு அங்கே தானாக வளைந்தது.

பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்குத் தெரிந்த மலாயில், லோரிக்காரர்களோடு பேசுகிற மலாயில் எழுதினேன். பழக்கத்தில் மேலே உ போடக் கை போனது. போட்டேன். இந்த முறை பேப்பரில் மட்டும்.

அதில் எழுதியது இவ்வளவுதான். மேடம், என் கடிதத்தில் முதல் பக்கம் கிடையாது. அந்த 2 பக்க எண் இல்லை. நாங்கள் எதை எழுதினாலும் பிள்ளையாரை நினைத்து மேலே போடும் குறி அது. ஆபீஸ் மெஷினில் அது இல்லாததால் 2 போட்டேன். நீங்கள் கேட்டதால் இப்போது எழுதுவதே முதல் பக்கம். அன்றைக்கு நான் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். பக்கத்துக் கோயிலில் இருந்தேன். எழுந்து வந்திருக்க முடியும். ஆங்கிலத்தில் பேசப் பயந்து அங்கேயே நின்றுவிட்டேன். கோயில்மேல் தவறு இல்லை, ரயில்மேல் தவறு இல்லை. பதினோரு பேர் என்னை நம்பி அனுப்பினார்கள், நான் வரவில்லை என்று அவர்களிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன். என்னை என்ன செய்தாலும் செய்யுங்கள், அதை அவர்கள் கணக்கில் வைக்காதீர்கள்.

அதற்குக் கீழே அக்கா சொன்னபடி நேரம் மட்டும் எழுதினேன். எந்தத் தோட்டத்தில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறார், பஸ் இல்லாவிட்டால் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். நாலரை என்பது மூன்றே கால் ஆயிற்று. ஐந்து என்பது மூன்றே முக்கால். பதினோரு வரி. வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மிஸ்ஸி அதை வாங்கிப் படித்தார். என் மலாயில் இரண்டு இடத்தில் பென்சில் வைத்தார், பிறகு அழித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து அடித்தார். மேலே நடுவில் 1 என்று போட்டார். வேண்டாமே என்றேன். "இது பிள்ளையாருக்கு இல்ல, எனக்கு. ஃபைல் ஒழுங்கா இருக்கோணும்," என்றார்.

சாயங்காலம் பஸ் கிளம்பும் முன்னால் நான் உள்ளே ஏறினேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் நான் இல்லை என்று சொன்னேன். பயந்துவிட்டேன் என்றும் சொன்னேன். டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்தான் நாலரைக்கு எழுந்திருக்கிறவள். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூணு நாளா உங்க முகத்தைப் பார்த்தா தெரியாதாண்ணே எங்களுக்கு? முடிவு ஆயிருச்சு, சொல்ல மாட்டேங்கிறாருன்னுதான் நெனச்சோம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். ஒருவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததே சரி என்று எனக்குப் பட்டது. இறங்கப் போகும்போது அக்கா, "நேரம் எழுதுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். எழுதினேன் என்றேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பதினொரு மணிக்கு மிஸ்ஸி டெலிபோனை நீட்டினார். மேடம். நான் குட் மார்னிங் சொன்னேன், அவர் மலாயில் பேசினார். என் மலாயை விட அவருடையது ஒன்றும் உசத்தி இல்லை, அதே பாசார் மலாய், சந்தைப் பேச்சு. மெமோவை ஆங்கிலத்தில் போட்டது தன் பழக்கம் என்றார். அன்றைக்கு அந்த அறையில் பாதி நேரம் எல்லாரும் மலாயில்தான் பேசினோம், நீங்கள் வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். வராதது தவறு, அது ஃபைலில் இருக்கும் என்றும் சொன்னார். நான் ஆமாம் என்றேன். பிறகு, தன் அம்மாவும் மூன்றரைக்கு எழுந்து ஈயம் அரிக்கிற குட்டைக்கு வேலைக்குப் போனவர் என்றார்.

பெரிய பஸ் மாதக் கடைசியோடு நின்றது. அதற்குப் பதில் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்றை அமர்த்தினார்கள். என் பேரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மிஸ்ஸி மற்ற இரண்டு கடிதங்களோடு சேர்த்துக் குத்தி வைத்தார். முதலில் 1, அடுத்து 2, அதன் பின்னால் எச்சரிக்கை. பின்னால் அந்த ஃபைலைப் பிரிக்கிற யாரும் அந்த வரிசையில்தான் எழுதப்பட்டது என்று நினைப்பார்கள்.

வேன் வந்த முதல் நாள் காலை நான் சீக்கிரமே கேட்டில் போய் நின்றேன். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து நின்றது. பதினோரு பேரும் இறங்கினார்கள். நாலரைப் பெண்ணும் இருந்தாள். முன் கண்ணாடியில் அக்கா சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக ஒரு உ போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார். புது டிரைவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாஸ், இனி நொம்போர் டுவா கா? நொம்போர் சத்து மானா?"

இது இரண்டாம் நம்பர் வண்டியா, அப்படியென்றால் ஒன்றாம் நம்பர் எங்கே என்று கேட்கிறார். அக்கா சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அண்ணே, உங்களைத்தான் கேக்குறாரு. பயப்படாம பதில் சொல்லுங்க."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவளும் சிரித்தாள். நான் பெரியவரிடம் மலாயில் சொல்ல ஆரம்பித்தேன்.